குப்பை நிலத்தில் ஒரு புதிய கருவி



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, எங்கள் சபையின் மூத்த தாய் ஒருவர் என் கையைப் பற்றியபடியே ஒரு கேள்வி கேட்டார். "போதகரையா, வெடி எடுக்கிற ஆக்களுக்குப் புது மிஷின் வந்திருக்காம். இனிக் கெதியா முடிஞ்சிடும், என்ன?" அவருடைய காணி முகமாலைப் பக்கம் இருக்கிறது. ஒரு கிணறு, இருபத்தெட்டுப் பனை, ஒரு கல்வீட்டின் அத்திவாரம். எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வார். சிவப்பு அடித்த கட்டைகளுக்கு இப்பால் நின்று அவற்றைப் பார்க்கலாம். அப்பால் கால் வைக்க முடியாது.

"இல்லை, ஆச்சி. புது மிஷின் வந்தபடியால் முதலில் இன்னும் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. அவருடைய முகத்தில் தெரிந்த ஏமாற்றமே இந்த வாரச் சிந்தனையை எழுதவைத்தது. தூர தேசங்களிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "இன்னுமா முடியவில்லை? அங்கே என்னதான் செய்கிறார்கள்?" என்று என்னிடம் கேட்பவர்களும் இதை வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் ஒரு தவற்றை அறிக்கையிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் மீள்குடியேற்றம் குறித்த ஒரு கூட்டத்தில் நானும் பேசினேன். காணி விடுவிப்பு தாமதமாவதைப் பற்றிச் சொல்லும்போது, "சம்பளம் ஓடுமட்டும் வேலையும் ஓடும்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டேன். கூட்டத்தார் சிரித்தார்கள். பின்வரிசையில் எங்கள் சபைச் சகோதரி ஒருவர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் கண்ணிவெடி அகற்றும் பணியில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவர். இரண்டு பிள்ளைகளின் தாய். போரில் கணவரை இழந்தவர். அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. அடுத்த வாரம் வந்து, "ஐயா, எங்கட காம்பில வேலையாட்களுக்காக ஒருநாள் ஜெபிக்க வாங்கோ" என்று மட்டும் கேட்டார். போனேன். ஜெபம் பத்து நிமிடத்தில் முடிந்தது. மீதி நாள் முழுவதும் நான் அங்கே மாணவனாக இருந்தேன்.

அந்த நிலம் எத்தகையது என்பதை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். 2000 ஆம் ஆண்டு ஆனையிறவுப் படைத்தளம் கைமாறிய பின்னர், கிளாலியிலிருந்து முகமாலை வழியாக நாகர்கோவில் வரை இரு தரப்பும் எதிரெதிரே மண் அரண் எழுப்பி நின்றன. இடையில் ஒரு போர்நிறுத்தம் வந்தது. ஏ9 வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடியது. 2009 தொடக்கம் வரை அந்த ஒடுங்கிய நிலத்தின்மேல் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஆகவே அங்கே மண்ணுக்குள் கிடப்பவை மிதிவெடிகள் மட்டுமல்ல. ஷெல் சிதறல்கள், ரவைக் கோதுகள், முட்கம்பி, பதுங்கு குழிகளுக்கு மேல் போட்ட தகரம், மரப்பெட்டிகளின் ஆணிகள், மீன் ரின்கள், தேய்ந்த பற்றரிகள், சாப்பாட்டுப் பொதிகளின் ஈயத்தாள் என்று ஓர் ஊரே குடியிருந்து விட்டுப்போன குப்பை எல்லாம் மணலுக்குள் இருக்கிறது. பனங்காட்டு மணலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: செம்மண்ணைப் போல அது தன் கனிமங்களால் கருவியைக் குழப்புவதில்லை. மண் அமைதியாகத்தான் இருக்கிறது. மனிதர் அதில் விட்டுச்சென்றவைதான் அமைதியாக இல்லை.

பயிற்சிப் பாதை என்று ஒரு மீற்றர் அகலத்தில் கயிறு கட்டி ஒதுக்கிய இடம் அந்த முகாமில் இருந்தது. வெடிக்காத மாதிரிகளையும் உண்மையான குப்பையையும் கலந்து அதில் புதைத்திருந்தார்கள். பயிற்றுநர் என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி, காதுக்கு ஒலிப்பானை மாட்டி, புதிய கருவியை என் கையில் தந்தார். நான் அதைப் புல்வெட்டும் கத்தியைப் போல வீசினேன். அது ஓயாமல் கத்தியது. இடப்பக்கம் கத்தியது, வலப்பக்கம் கத்தியது, நடுவிலும் கத்தியது. "இது பழுதுபோல இருக்கிறதே" என்றேன். சகோதரி முதன்முறையாகச் சிரித்தார். "முதல் கிழமை நாங்களும் அப்பிடித்தான் ஐயா சொன்னாங்கள்."

அங்கேதான் அன்றைய முதற்பாடம். புதிய கருவி பழையதைவிட நுண்ணியது; ஆகையால் பழையது கேளாமல் விட்ட துரும்புகளையெல்லாம் அது கேட்கிறது. நல்ல நிலத்தில் இது வரம். குப்பை நிலத்தில், பழகாத காதுக்கு இது பெரும் இரைச்சல். பழைய கருவியில் பத்து ஆண்டுகள் பழகிய கையும் காதும் புதியதற்கு முன் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. பழைய கருவி உலோகத்தின் மேல் வந்ததும் ஒலி ஏறும், விலகியதும் இறங்கும், அவ்வளவுதான். புதியதில், பொருளின் நடுவைக் கடக்கும் கணத்தில் ஒலியே மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பிடித்தால், நெருங்கிக் கிடக்கும் இரண்டு துண்டுகளை இரண்டு என்று அறியலாம். பிடிக்காவிட்டால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். சகோதரிக்கு அது காதில் விழ ஒன்பது நாள் பிடித்ததாம்.

கருவி வேலை செய்யும் விதம் எளியது. அதன் தலையிலுள்ள கம்பிச்சுருள் நிலத்துக்குள் மாறும் காந்தப்புலம் ஒன்றை அனுப்புகிறது. அது தொடும் உலோகத்துக்குள் சிறு மின்சுழல்கள் எழுகின்றன. அச்சுழல்கள் மெலிந்த ஒரு மறுமொழியைத் திருப்பி அனுப்புகின்றன. நாம் கேட்பது அந்த மறுமொழியை. இதில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: கருவிக்கு மிதிவெடி என்றால் என்னவென்று தெரியாது, உலோகம் மட்டுமே தெரியும். மேலே கிடக்கும் சிற்றாணியும் ஆழத்தில் கிடக்கும் பெரும் சிதறலும் ஒரே உரப்பில் ஒலிக்கலாம். தலையைச் சிறிது உயர்த்திப் பார்த்தால் ஆணியின் ஒலி சட்டென்று தேயும். ஆழத்துப் பொருளின் ஒலி மெதுவாகத் தேயும். இப்படி ஒவ்வொரு ஒலியையும் இருமுறை, நான்கு திசையிலிருந்து விசாரிக்கவேண்டும். பின்பு குறிவைத்து, அதிலிருந்து ஒரு சாண் பின்தள்ளி, மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் மண்ணைச் செதுக்கிச் செதுக்கிப் போகவேண்டும். நான் செதுக்கினேன். அரை மணி நேரத்தில் ஒரு போத்தல் மூடியை அடைந்தேன்.

அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்ட கேள்வியை நீங்களும் கேட்பீர்கள். குப்பைக்கு ஒலிக்காமல் வெடிக்கு மட்டும் ஒலிக்கும் கருவி இல்லையா?

இங்கிலாந்தின் வயல்களில் பழைய நாணயம் தேடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உண்டு. அவர்கள் கருவிகளில் பிரித்தறியும் வசதி இருக்கிறது. இரும்பின் மறுமொழி ஒரு விதம், வெள்ளியின் மறுமொழி வேறு விதம். ஆகவே இரும்பு வந்தால் வாயை மூடு என்று கருவிக்குக் கட்டளையிடலாம். சிறு திரையில் ஓர் எண்ணும் தோன்றும். வாங்கிய முதல்நாள் எல்லோரும் இதை முழுவதுமாகத் திருகிவைத்து, அமைதியான கருவியோடு மகிழ்ச்சியாக நடப்பார்கள். ஆனால் அந்தத் துறையில் நரைத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரை நேர்மாறானது. அதை அணைத்துவை. முதல் சில மாதங்களுக்கு ஒலிக்கும் எல்லாவற்றையும் தோண்டு. சிறிய தலையைப் பொருத்து, மெதுவாக அசை. ஏனென்றால் சோடா ரின்னின் அலுமினிய வளையமும் பொன் மோதிரமும் திரையில் ஒரே எண்ணாக வரக்கூடும். வளையத்தை வேண்டாம் என்றால் மோதிரத்தையும் வேண்டாம் என்று சொன்னதாகிவிடும்.

அதைவிடக் கொடியது மறைப்பு. ஓர் இரும்பாணியின் அருகே ஒரு நாணயம் கிடந்தால், ஆணிக்காக வாயை மூடிய கருவி, மீண்டும் வாய் திறப்பதற்குள் நாணயத்தையும் கடந்துபோய்விடுகிறது. வேகமாக வீசினால் நிச்சயம் கடந்துபோகும். கருவியில் ஒலி இல்லாததால் நிலத்தில் பொருள் இல்லை என்று நினைத்து அவர் அடுத்த அடி வைக்கிறார். அந்த வயலில் அவர் இழப்பது ஒரு நாணயம். முகமாலையில் அப்படி அடுத்த அடி வைப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பணியாளர் அல்ல, அவர் பாதையை முடித்துவிட்டுப் போய்விடுவார். காணி கையளிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மண்வெட்டியோடு வாழைக்குப் பாத்தி கட்டும் ஒருவர். அல்லது பந்து பொறுக்க ஓடும் பிள்ளை.

ஆகவே வெடி அகற்றும் பணியில் உலோகத்தைத் தரம் பிரித்து ஒதுக்கும் வேலையைக் கருவியிடம் விடுவதில்லை. ஒதுக்கவும் முடியாது. வெடிதூண்டியின் உறை அலுமினியமாக இருக்கலாம்; ஈயத்தாளும் அலுமினியம்தான். குத்தூசி உருக்காக இருக்கலாம், ஆணியும் இரும்பினம்தான். இரண்டாம் உலகப்போரில் போலந்து அதிகாரி யோசேப் கொசாட்ஸ்கி 1941 இல் கையால் தூக்கிச் செல்லும் கண்ணிவெடி காணும் கருவியை உருவாக்கினார். அடுத்த ஆண்டு எல் அலமைன் சமரில் அது பாலைவனத்தில் வழி திறந்தது. கருவி வந்ததும் வெடி செய்பவர்கள் உலோகத்தைக் குறைத்தார்கள். ஜெர்மானியர் மரப்பெட்டியில் செய்தார்கள். பின்வந்தவர்கள் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். எங்கள் மண்ணில் புதைந்தவற்றுள் இரண்டு வகையும் உண்டு. உள்ளே ஓர் ஊசியளவு உலோகம்தான் மிச்சம். அந்த ஊசியைக் கேட்கவேண்டுமானால் நிலத்திலுள்ள எல்லா ஊசிகளையும் கேட்டே ஆகவேண்டும். கருவி ஓயாமல் கத்துவதற்கு இதுவே காரணம்.

இரைச்சல் தாங்காமல் ஒருவர் செய்ததைப் பயிற்றுநர் சொன்னார். பெயர் வேண்டாம், நல்ல உழைப்பாளி. புதிய கருவி வந்த முதல் வாரத்தில், மாலையாகும்போது தலையிடி தாளாமல் நுண்மையைச் சிறிது குறைத்துக்கொண்டாராம். பாதை திடீரென்று சுத்தமானது. அன்று அவர் மற்றவர்களைவிட இருமடங்கு தூரம் முன்னேறினார். அதுவே மேற்பார்வையாளருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. ஒவ்வொரு காலையும் கருவியைப் பரிசோதிக்க ஒரு சிறு உலோக மாதிரியை வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து மண்ணில் குறித்த ஆழத்தில் வைத்து, அவருடைய கருவியை அதன்மேல் அசைக்கச் சொன்னார். கருவி மௌனமாக இருந்தது. அவர் அன்று முடித்த முழுப் பாதையும் மறுநாள் முதலிலிருந்து மீண்டும் தேடப்பட்டது. "அவரைத் தண்டித்தீர்களா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா. பயிற்சிப் பாதைக்குத் திருப்பி அனுப்பினோம். அந்த ஆசை எல்லாருக்கும் வரும்."

இருமடங்கு தூரம் போனபடியால் அகப்பட்டுக்கொண்டார்! நானோ கூட்டத்தில் எழுந்து நின்று அந்த இருமடங்கைத்தான் கேட்டிருந்தேன்.

கருவியைவிட மனிதரின் முன்முடிவு பெரிய இடையூறு என்பதற்கு இத்துறையின் பிறப்பிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1881 ஜூலை 2 ஆம் நாள் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் உலோகம் கேட்கும் கருவியொன்றை அமைத்து, அதிபரின் படுக்கையருகே வந்தார். கருவி தெளிவில்லாமல் எங்கும் முணுமுணுத்தது. மெத்தைக்குக் கீழே உருக்குக் கம்பியால் பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது பிறகுதான் தெரியவந்தது. அதோடு, தலைமை மருத்துவர் பிளிஸ் குண்டு வலப்பக்கம் இருக்கிறதென்று உறுதியாக நம்பி, அந்தப் பக்கத்தில் மட்டுமே தேட இடங்கொடுத்தார். செப்டெம்பர் 19 இல் அதிபர் இறந்தார். பிரேத பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது. கருவி பொய் சொல்லவில்லை. படுக்கை குப்பை நிலமாயிருந்தது. கேட்பவர்கள் கேட்கும் முன்பே பதிலை வைத்திருந்தார்கள்.

சகோதரி தம் வேலையில் மிகவும் அஞ்சுவது எதை என்று கேட்டேன். பெரிய ஒலியை என்றார். எனக்கு விளங்கவில்லை. ஒரு கையளவு ஷெல் துண்டு கிடந்தால் கருவி அலறும். தோண்டினால் துண்டு வரும். வந்ததும் மனம் ஆறும். "கண்டிட்டம் எண்டு மனம் சொல்லும் ஐயா. அந்த நேரம்தான் கவனம் வேணும்." அலறலுக்குக் கீழே ஒரு மெலிந்த ஒலி மறைந்திருக்கக்கூடும். துண்டை எடுத்த பிறகு அதே குழியின்மேல் கருவியை மறுபடி அசைக்கவேண்டும். மறுபடி எடுத்தால் மறுபடி அசைக்கவேண்டும். குழி முற்றாக மௌனமாகும் வரை எழுந்திருக்கக்கூடாது. புதிய கருவியோடு உண்மைப் பாதைக்குப் போன இரண்டாம் வாரத்தில் அவருக்கு அப்படி ஒன்று நேர்ந்தது. ஷெல் துண்டு, பிறகு மூன்று ரவைக் கோது, பிறகு ஒரு கம்பித் துண்டு. நேரம் பதினொன்றரை, வெயில், தலைக்கவசத்துக்குள் வியர்வை. நான்காம் முறை கேட்டபோது, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஓர் ஒலி. பழைய கருவியில் அது கேட்டே இருக்காது என்கிறார். பக்கவாட்டில் செதுக்கிப் போனபோது பிளாஸ்டிக்கின் வளைந்த விளிம்பு தெரிந்தது. எழுந்து, கையை உயர்த்தி, மேற்பார்வையாளரை அழைத்தார். இதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமிதம் இல்லை. கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலவே சொன்னார்.

காணாமற்போன வெள்ளிக்காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிய பெண்ணின் உவமையை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அவள் பெருக்கிச் சேர்த்த தூசியைப் பற்றி ஒருமுறைகூட நினைத்ததில்லை. காசு அகப்படுமுன் எத்தனை முறை குனிந்து, மின்னிய ஒன்றை எடுத்துப் பார்த்து, அல்ல என்று போட்டிருப்பாள்!

எத்தனை முறை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1992 முதல் 1998 வரை கம்போடியாவில் வெடி அகற்றுவோர் தோண்டியெடுத்த பொருள்கள் ஏறத்தாழ 20 கோடி. அவற்றுள் கண்ணிவெடிகளும் ஏனைய வெடிபொருள்களும் ஏறத்தாழ 5 இலட்சம் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2003 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வகுத்துப் பாருங்கள். 400 முறை முழங்காலிட்டுச் செதுக்கினால் ஒருமுறை. மற்ற 399 முறையும் கைக்கு வருவது ஆணி, மூடி, தகரம். அந்த 399 முறையும் ஏதோ ஒன்று பணியாளரின் காதுக்குள், "இதுவும் ஆணிதான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் அது உண்மையையே சொல்கிறது என்பதுதான் அதன் ஆபத்து. புதிய கருவியைப் பழகுவது என்றால் அதன் திருகுகளைப் பழகுவது என்று நினைத்திருந்தேன். அது ஓர் அரை நாள் வேலை. நானூறாவது ஒலியை முதலாவது ஒலியைப் போல நடத்தக் கற்பதற்குத்தான் மற்ற நாள்கள் வேண்டும்.

குப்பை மிகுந்து, ஒலிகளுக்கு இடையே இடைவெளியே இல்லாத இடங்களில் கருவியை ஒதுக்கிவைத்துவிட்டு நீண்ட பிடியுள்ள வாரியை எடுக்கிறார்கள். மணலை மேலிருந்து படிப்படியாக வாரி இழுத்து, குறித்த ஆழம் வரை முழு நிலத்தையும் அரித்தெடுக்கும் முறை அது. கேட்பதே இல்லை, எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கிறார்கள். இலங்கையின் வடக்கில் பல ஆண்டுகளாக இது வழக்கத்தில் உண்டு. பழங்காலத்து வேலைபோலத் தோன்றும். ஆனால் எங்கே கருவியைக் கீழே வைக்கவேண்டும் என்று அறிவதும் கருவியைக் கற்பதில் சேர்ந்ததே. கம்போடியா போன்ற இடங்களில் நிலத்துக்குள் ராடார் அலை அனுப்பி வடிவத்தையும் உணரும் இரட்டைக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். அவை குப்பையைத் தோண்டும் வேலையை உண்மையாகவே குறைக்கின்றன. அத்தகையவை எங்கள் நிலத்துக்கும் பொருந்தினால் வரட்டும். நான் கருவிகளுக்கு எதிரானவன் அல்லன். அவற்றுக்கும் பழக்கம் வேண்டும், அவற்றைப் பழகும் நாள்களுக்கும் ஊதியம் வேண்டும் என்பதையே சொல்கிறேன்.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. 2028 ஜூன் 1 ஆம் நாளுக்குள் நிலத்தை விடுவிக்கவேண்டும் என்பது அதன்படி வந்த தவணை. தவணை நல்லது. தவணை இல்லாவிட்டால் உலகம் எங்களை மறந்துவிடும், பணம் வேறு போர்களின் பக்கம் போய்விடும். ஆனால் அந்தத் தவணையை முழங்காலிலிருக்கும் பெண்ணின் முதுகில் ஏற்றக்கூடாது. நாள் குறைகிறதென்றால் பாதைகளைக் கூட்டுங்கள், ஆள்களைக் கூட்டுங்கள், அதற்கான பணத்தைக் கேளுங்கள். ஒருவர் ஒரு நாளில் முடிக்கும் மீற்றரைக் கூட்டும்படி கேளாதீர்கள். எங்கள் கூட்டங்களில் "இன்று எத்தனை மீற்றர்?" என்று கேட்கும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். கேட்டேயாகவேண்டுமானால், "இன்று எத்தனை துண்டு எடுத்தீர்கள்?" என்று கேட்கலாம். ஒரு வாளி நிறைய ஆணி எடுத்த நாளை வெறும் நாள் என்று எழுதுவது நியாயமல்ல.

மற்றொன்றும் சொல்லவேண்டும், அது சபையிலுள்ள சிலருக்குக் கசக்கும். நிலத்துக்குள் தங்கம் இருக்கிறது என்ற வதந்தியோடு இரவில் கருவி கொண்டு போகிறவர்களைப் பற்றி நானும் கேள்விப்படுகிறேன். பழைய இரும்புக்கு நல்ல விலை என்று கட்டைகளைத் தாண்டிப் போகிறவர்களைப் பற்றியும் கேள்விப்படுகிறேன். வறுமை எனக்குத் தெரியும். அதைக் குற்றஞ்சாட்ட நான் வரவில்லை. ஆனால் குப்பைக்கு மௌனமாகும்படி அமைத்த ஒரு பொழுதுபோக்குக் கருவியை அந்த மண்ணுக்குள் கொண்டுபோவது, கண்ணைக் கட்டிக்கொண்டு போவதைவிட மோசம். கண்ணைக் கட்டியவருக்குத் தான் காணவில்லை என்றாவது தெரியும். உங்கள் பிள்ளைகளிடம் இதைப் பேசுங்கள். இன்றைக்கே பேசுங்கள்.

அன்று மாலை முகாமிலிருந்து புறப்படுமுன், நான் முடித்த பயிற்சிப் பாதையைப் பயிற்றுநர் பரிசோதித்தார். ஒரு நாள் முழுவதும் ஒன்றரை மீற்றர் போயிருந்தேன். பதினேழு துண்டு எடுத்திருந்தேன். இரண்டு மாதிரி வெடிகள் புதைத்திருந்தார்களாம்; ஒன்றைக் கண்டேன். மற்றது, நான் வெற்றிகரமாகத் தோண்டி எடுத்த ஒரு தகரத்துக்கு நான்கு விரல் பக்கத்தில் இருந்தது. தகரத்தை எடுத்தவுடன் மகிழ்ந்து எழுந்துவிட்டேன். குழியின்மேல் மறுபடி அசைக்கவில்லை. சகோதரி ஒன்றும் சொல்லவில்லை. என் கைக்கடிகாரத்தை எடுத்துத் தந்தார். அடுத்த கூட்டத்தில் எழுந்து, முன்பு சொன்ன சொல்லுக்காக எல்லோர் முன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் அவர் தலையை ஆட்டினாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

ஆச்சியின் காணிக்கு வருவோம். வரும் திங்கட்கிழமை சகோதரியின் குழு அவருடைய கிணற்றடியில் தொடங்குகிறது. அங்கே ஒரு முட்கம்பிச் சுருள் முழுவதுமாகப் புதைந்திருக்கிறதாம். கருவி அந்த இடத்தில் ஓயாமல் ஒலிப்பதால் வாரியால்தான் எடுக்கவேண்டுமாம். சித்திரைக்குள் முடியாது என்று நேற்றுப் போய் ஆச்சியிடம் சொன்னேன். முதலில் என்னோடு பேசவில்லை. பிறகு, வெடி எடுக்கிற பிள்ளைகள் மத்தியானம் எங்கே இருந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். கட்டைக்கு இப்பால் நிற்கும் முதல் பனையின் நிழலில் என்றேன். அந்தப் பனை தம்முடையதுதான் என்றார்.